மகஜரில் புகுந்த மிருதங்கம்

ஆறு வருடமாக நான் பக்கத்து வீட்டு அம்மையாருக்குப் போலிஷ் மொழியில் காலை வணக்கம் சொல்லிவந்தேன். அவர் போலந்துக்காரர் அல்ல.

இதை நான் இதுவரை எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை. எங்கள் பகுதித் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் செயலாளர் என்ற முறையில் ஒலிவாங்கி கைக்கு வந்தபோதெல்லாம், “முப்பது வருடமாக இந்த நாட்டில் இருக்கிறோம், இன்னும் ‘நீங்கள் இந்தியன் பாஷையா பேசுகிறீர்கள்’ என்று கேட்கிறார்கள்” என்று மேசையில் தட்டிப் பேசியிருக்கிறேன். கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். அடுத்த நாள் காலையில் குப்பைத்தொட்டியை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வரும்போது, வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அம்மையாரைப் பார்த்து, “ஜென் டொப்ரே” என்று வாய் நிறையச் சொல்லியிருக்கிறேன்.

என்னிடம் ஆதாரம் இல்லாமல் இல்லை. அவர் தோட்டத்தில் நின்று தொலைபேசியில் கதைப்பது எங்கள் குசினிக்குக் கேட்கும். ஆங்கிலம் இல்லை என்பது தெளிவு. இடைக்கிடை தொண்டைக்குள் ஆரோ சரளைக்கல் கொட்டுவதுபோல ஒரு சத்தம் வரும். தெற்கு லண்டனில், எங்கள் கோலியர்ஸ் வுட்டில், ஒரு வெள்ளைக்காரர் ஆங்கிலம் அல்லாத ஒன்றைப் பேசினால் அது போலிஷ்தான் என்பது என் ஆராய்ச்சியின் முடிவு. ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை செய்யும் போலந்துக்காரனிடம் இரண்டு சொல் கேட்டுப் பாடமாக்கினேன். அவற்றை அம்மையாரிடம் சொன்னபோது அவரும் முகம் மலர்ந்து அதையே திருப்பிச் சொன்னார். இதைவிடப் பெரிய சாட்சி என்ன வேண்டும்?

ஒரு மாசிமாதப் பின்னேரம் அவர் எங்கள் கதவைத் தட்டினார். மனைவி திறந்துவிட்டு உள்ளே வந்து, “இஞ்சேருங்கோ, பக்கத்து அன்ரி வந்திருக்கிறா. கையில ஏதோ கடிதம். முகம் சரியில்லை” என்றாள். எங்கள் வீட்டில் அவருக்கு அன்ரி என்றுதான் பெயர். நானே ஐம்பத்திநாலு வயதில் ஒருவரை அன்ரி என்று சொல்வது அழகில்லைதான். ஆனால் அவர் எழுபதைத் தாண்டியவர், எங்களைவிட நேராக நடப்பவர்.

அன்ரி கதிரையில் இருந்தார். கடிதத்தை மேசையில் வைத்தார். வைத்துவிட்டுச் சொன்னார்:

“உங்கள் ஆட்களை நான் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். பாராளுமன்றத்துக்கு முன்னால், தெருவில், மழைக்குள், வாரக்கணக்காக. அரசாங்கத்திடம் எப்படிக் கேட்பது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்.”

ஊரில் போரை நிறுத்தச் சொல்லி நின்ற அந்த முறை நாங்கள் வென்றோமா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மனைவி தேத்தண்ணி ஊற்றப் போனாள்.

அப்போதுதான் தெரிந்தது, அன்ரி வேல்ஸ் தேசத்தவர். தோட்டத்தில் கேட்டது வேல்ஸ் மொழி. பத்தொன்பது வயதில் தாதி வேலை படிக்க லண்டனுக்கு வந்தவர். வேலையிலிருந்து ஓய்வுபெற முன்னரே, நோதேர்ன் லைன் ரயிலில் அரை மணித்தியாலத் தூரத்தில் ஒரு சிறிய சாப்பலின், அதாவது தேவாலயத்தின், மண்டபத்தில், லண்டனில் பிறந்த வேல்ஸ் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் அந்த மொழி படிப்பிக்கத் தொடங்கியிருக்கிறார். மண்டபத்தோடு ஒட்டி ஒரு வாசிப்பு அறை. பழைய பாட்டுப் புத்தகங்கள், யாரோ இறந்துபோனவர்களின் வீடுகளிலிருந்து வந்த பெட்டி பெட்டியான கடிதங்கள், ஒரு பெரிய யாழ். (அவர்கள் மொழியில் அதற்கு வேறு பெயர். ஆனால் பார்த்தால் யாழ்தான். யாழ்ப்பாணத்தான் ஒருவன் தன் ஆயுளில் முதல்முதலாக யாழைக் கண்டது ஒரு வேல்ஸ் சாப்பலில் என்பதையும் இங்கேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.) இதற்கெல்லாம் அரசாங்கம் ஒவ்வொரு வருடமும் சிறிது உதவி செய்துவந்தது. அந்த உதவி வரும் ஆண்டோடு நிற்கும் என்பதுதான் கடிதத்தின் சாரம். லண்டனில் அப்படியொரு வகுப்புக்குத் தேவை இருப்பதாகத் திணைக்களத்துக்குத் தோன்றவில்லையாம். மறுப்பு இருந்தால் ஆறு கிழமைக்குள் எழுத்தில் தெரிவிக்கலாம். உதவி இல்லாவிட்டால் மண்டபம் இல்லை. மண்டபம் இல்லாவிட்டால் வகுப்பு இல்லை.

நான் மெதுவாக, “அப்போ நீங்கள் போலிஷ் இல்லையா?” என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். “அது தமிழ் இல்லையா?” என்று கேட்டார்.

ஆறு வருடமாக நான் அவருக்குத் தமிழ் கற்பிக்கிறேன் என்று நினைத்திருக்கிறார். அதோடு விடவில்லை. டூட்டிங்கில் தமிழ்ச் சாமான் கடை வைத்திருக்கும் தம்பியிடமும் போய் “ஜென் டொப்ரே” சொல்லியிருக்கிறார். அவனும் தயங்காமல் அதே பதிலைச் சொன்னானாம். அவனுக்குப் போலிஷ் வாடிக்கையாளர் நிறைய. இப்படி ஒரு வேல்ஸ் பெண்மணியும் இரண்டு யாழ்ப்பாணத்தவரும் சேர்ந்து தெற்கு லண்டனில் போலிஷ் மொழியைச் சிறப்பாக வளர்த்திருக்கிறோம்.

மனைவி தேத்தண்ணியை வைத்துவிட்டு மறுபடி குசினிக்குள் போய்விட்டாள். சிரிப்பதற்கு என்று நினைக்கிறேன்.

அன்ரி அன்று இன்னொன்றும் சொன்னார். கேட்காமலே சொன்னார். அவருக்கு ஒரு மகன், நாற்பதைத் தாண்டியவர், வேல்ஸ் மொழியில் ஒரு சொல் தெரியாது. வளர்த்த காலத்தில் இரவு ஷிப்ட், பிள்ளைக்கு ஆங்கிலம் பிந்திவிடும் என்ற பயம், பிறகு பார்க்கலாம் என்ற எண்ணம். “பிறகு” வரவில்லை. அதனால்தான் மற்றவர்களுடைய பிள்ளைகளுக்குப் படிப்பிக்கத் தொடங்கினாராம். அவர் இதைச் சொன்னபோது நான் என் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேல் அறையில் என்னுடைய இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். சற்று முன்னர்தான், சாப்பிட வாங்கோ என்று தமிழில் கூப்பிட்டதற்கு “இன் எ மினிற், அப்பா” என்று பதில் வந்திருந்தது. தமிழ்ப் பள்ளிக்கூடச் செயலாளரின் வீடு.

அந்த நிமிடமே நான் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். மனு, மகஜர் எழுதுவது என்றால் எங்கள் சனத்துக்குக் கை தானாக ஓடும். ஊரில் மாவட்ட அரசாங்க அதிபருக்கு எழுதினோம், மந்திரிக்கு எழுதினோம். இங்கே வந்து கவுன்சிலுக்கும் பாராளுமன்ற உறுப்பினருக்கும் எழுதினோம். பதில் வந்ததா என்பது வேறு கதை. எழுத்தில் குறை வைக்கவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தின் கணினியில் ஆங்கிலத்தில் ஒரு மூல மகஜர் இருக்கிறது. எனக்கு முன் இருந்த செயலாளர்கள் எல்லோரும் செதுக்கிச் செதுக்கி வைத்தது. மண்டபம் வேண்டுமென்றாலும் அதுதான், கார் நிறுத்த இடம் வேண்டுமென்றாலும் அதுதான். தேவையை மட்டும் மாற்றினால் போதும்.

நான் ‘தமிழ்’ என்று வந்த இடமெல்லாம் ‘வேல்ஸ்’ என்று மாற்றினேன். கணினி ஒரு நொடியில் செய்தது. வேல்ஸ் மக்களின் தைப்பொங்கல், வேல்ஸ் சித்திரைப் புதுவருடம் இரண்டையும் கண்டுபிடித்து வெட்டினேன். என் கவனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்ரி முதல் பக்கத்தை வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “உலகத்தின் மற்ற மொழிகளுக்கெல்லாம் எங்கள் மொழிதான் தாய் என்று இருக்கிறது. இது யார் சொன்னது?”

“நாங்கள் அப்படித்தான் தொடங்குவது வழக்கம்” என்றேன்.

அவர் ஒரு பென்சிலை எடுத்தார். நாலு பக்கம் ஒன்றரைப் பக்கமானது. வெட்டியது எல்லாம் எனக்குப் பிடித்த வசனங்கள். மிஞ்சியது எல்லாம் உண்மை. எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள், எங்கிருந்து வருகிறார்கள், வாசிப்பு அறையில் என்ன இருக்கிறது, அது மூடப்பட்டால் அவை எங்கே போகும். வெறும் விவரம். மகஜர் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

கையெழுத்து வேட்டையை நானும் எங்கள் பள்ளிக்கூடத் தலைவரும் எடுத்துக்கொண்டோம். தலைவர் தபாலகம் நடத்தி ஓய்வுபெற்றவர், எல்லோருக்கும் அண்ணை. சின்ன விசயத்தைச் சின்னதாகச் சொல்வது அவருக்குச் சத்தியமாக வராது. கோயிலில் அன்னதான வரிசையில் நின்று ஒவ்வொருவரிடமும், “ஒரு இனத்தின்ர மொழி அழியப்போகுது, நீங்கள் சோத்துக்கு நிக்கிறியள்” என்றார். அவர்கள் ஒரு கையில் தட்டைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கையெழுத்து வைத்தார்கள்.

“இது எங்கட பிரச்சினையோ அண்ணை?” என்று ஒருவர் கேட்டார்.

“இல்லை. வேல்ஸ் ஆக்களின்ர.”

“அவையளுக்கும் உந்தப் பிரச்சினை இருக்கோ?” என்று கேட்டுவிட்டு அவர் பேனையை வாங்கினார். பிறகு தனக்கும், மனைவிக்கும், தள்ளுவண்டியில் நித்திரையாக இருந்த பேரப்பிள்ளைக்கும் சேர்த்து மூன்று கையெழுத்து வைத்தார். மூன்றாவதை நான் பிறகு வெட்டவேண்டி வந்தது. பென்சிலைப் பற்றி நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் அது.

தமிழ்நாட்டு டாக்டர் ஒருவர் மட்டும் ஒன்றரைப் பக்கத்தையும் முழுக்க வாசித்தார். “ரொம்பத் தெளிவா இருக்கு சார், நீங்களா எழுதினீங்க?” என்று கேட்டார். நான் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. கடைசியில் ஒரு வயதான அம்மா வந்தார். ஊரில் ஒரு காலத்தில் மகஜரில் கையெழுத்து வைத்ததற்காகவே விசாரணைக்குப் போன குடும்பம் அவருடையது. எனக்குத் தெரியும், அதனால் நான் அவரிடம் கேட்கவில்லை. அவரே வந்து, எங்கே வைக்கவேண்டும் என்று கேட்டு, கட்டத்துக்குள் அடங்காமல், முழுப்பெயரையும் தமிழில் எழுதினார். நாலு பின்னேரத்தில் தாள்கள் நிறைந்தன. என் சனத்தை நினைத்து அப்படி நெஞ்சு நிமிர்ந்தது எனக்கு நெடுநாளைக்குப் பிறகு.

நெஞ்சு நிமிர்ந்தால் எனக்குக் கண் தெரியாது.

கடைசி நாள். மகஜரை இணையத்தில் ஏற்ற வேண்டும், ஐந்து மணிக்குள். அன்ரி தன் கையெழுத்தை வைத்து என்னிடம் தந்துவிட்டு வகுப்புக்கான வேலையைப் பார்க்கப் போய்விட்டார். ஏற்றும்போது ஒரு கட்டம் குறுக்கே வந்தது. ‘இதர பண்பாட்டு நடவடிக்கைகள்’. அதை வெறுமையாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது. மணி நாலே முக்கால். பசி. எங்கள் மூல மகஜரில் இதற்கென்றே ஒரு பத்தி உண்டு என்பது நினைவுக்கு வந்தது. எடுத்து ஒட்டினேன். வாசிக்கவில்லை. அந்தப் பத்தியில் ‘தமிழ்’ என்ற சொல் ஒரு இடத்திலும் வராது, ஆகவே மாற்றவேண்டிய எதுவும் இல்லை என்று மட்டும் பார்த்தேன். பொத்தானை அமத்தினேன். அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

மூன்று கிழமையில் பதில் வந்தது. திணைக்களம் மகஜரைப் பரிசீலிக்கிறது. முடிவுக்கு முன் ஒரு அதிகாரி சனிக்கிழமை வகுப்பை நேரில் வந்து பார்ப்பார். அன்ரி கடிதத்தோடு வந்தார். நான் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் குலுக்கவில்லை. கடிதத்தின் இரண்டாம் பத்தியில் விரலை வைத்தார்.

“இந்த வாணி விழாவை நாங்கள் எப்போது கொண்டாடுகிறோம்?” என்று கேட்டார்.

அதிகாரி மிக ஆர்வமாக எழுதியிருந்தார். மாணவர்கள் மொழியோடு மிருதங்கம், வீணை, பரதநாட்டியம் ஆகியவற்றையும் முறையாகப் பயின்றுவருவதாகவும் ஆண்டுதோறும் வாணி விழா எடுப்பதாகவும் அறிந்ததில் மகிழ்ச்சியாம். சாத்தியமானால் மிருதங்க வகுப்பையும் பார்க்க விரும்புகிறாராம்.

என்ன நடந்தது என்று சொன்னேன். கட்டம், பசி, நாலே முக்கால். சொல்லச் சொல்ல அது இன்னும் கேவலமாகக் கேட்டது. ஒரு மெதடிஸ்ட் சாப்பலில் சரஸ்வதிக்கு விழா எடுப்பதாக அரசாங்கத்திடம் எழுத்தில் கொடுத்திருக்கிறேன், அன்ரியின் கையெழுத்தின் கீழ்.

அன்று பின்னேரமே எங்கள் நிர்வாகக் குழு அவசரமாகக் கூடியது. அண்ணை சிறிதும் கலங்கவில்லை. எங்களிடம் மிருதங்கம் இருக்கிறது, வீணை இருக்கிறது, ஆடுவதற்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு வான் வண்டியில் ஏற்றி அந்தச் சனிக்கிழமை அங்கே கொண்டுபோய் இறக்கினால் பிரச்சினை முடிந்தது என்றார். உள்ளபடி சொன்னால் எனக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. அன்ரியிடம் போய்ச் சொன்னேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. “பொய் சொல்லிக் காப்பாற்றின வகுப்பில் நின்று நான் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுப்பது?” என்றார். அந்த அதிகாரி வந்து மழைக்கோட்டைக் கழற்ற முன்னர், நான், என் வாயால், நேரில் சொல்லவேண்டும். அதுதான் தீர்ப்பு. சொன்னால் வகுப்புப் போகக்கூடும் என்றேன். தெரியும் என்றார்.

நான் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்து, வான் வேண்டாம், ஒருவரும் வரத் தேவையில்லை என்றேன். “சரி, சரி” என்றார். ஒரு சரி என்றால் சரி. இரண்டு சரி என்றால் எங்கள் ஆட்கள் வேறு ஏதோ முடிவெடுத்துவிட்டார்கள். முப்பது வருட அனுபவம் இருந்தும் அன்று எனக்கு அது உறைக்கவில்லை.

சனிக்கிழமை வந்தது. மண்டபத்தில் ஒன்பது பிள்ளைகள், ஒரு மின்சார அடுப்பு, உலர்பழம் போட்ட ரொட்டி ஒரு தட்டில். அன்ரி கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றார். தலைமுடி வாரி, நல்ல உடுப்பு. அந்தப் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளைப் போலத்தான். சனிக்கிழமைக் காலையில் வேறு எங்கேயாவது இருந்தால் நல்லது என்ற அதே முகம். அதைப் பார்க்க எனக்கு என்னவோ ஆறுதலாக இருந்தது.

அதிகாரி நாற்பது வயதுப் பெண். சைக்கிள் தலைக்கவசத்தோடு வந்தார். கோட்டில் கை வைக்க முன்னர் நான் முன்னால் போனேன். முதலில் என்னை அறிமுகம் செய்தேன், பிறகு என் பிழையை அறிமுகம் செய்தேன். இங்கே மிருதங்கம் இல்லை. வீணை இல்லை. நடனம் இல்லை. வாணி விழா என்பது என்னுடைய சமயத்தின் விழா, இந்தச் சாப்பலுடையது அல்ல. அந்தப் பத்தி வேறொரு பள்ளிக்கூடத்தின் மகஜரில் இருந்து வந்தது. ஒட்டியது நான். இந்த அம்மையார் அதைக் கண்டதே இல்லை.

அவர் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து எழுதினார். மற்றதெல்லாம் உண்மையா என்று கேட்டார். மொழி வகுப்பு உண்மை, வாசிப்பு அறை உண்மை, யாழ் உண்மை, ஆனால் அதில் இரண்டு நரம்பு அறுந்திருக்கிறது என்றேன். இனிமேல் எதையும் மறைக்கும் உத்தேசம் எனக்கு இல்லை.

அப்போது கதவு திறந்தது.

முதலில் வந்தது சலங்கைச் சத்தம். பிறகு ஏழு பிள்ளைகள், முழு அலங்காரத்தில், கண்மை, நெற்றிச்சுட்டி, பட்டு. அதன்பின் மிருதங்கத்தைக் குழந்தைபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை. அதன்பின் மூன்று தாய்மார், கையில் சுடச்சுடப் பொரித்த ரோல்ஸும் பற்றிஸும் அடுக்கிய தட்டங்கள். கடைசியில் அண்ணை, கோட்டுச் சூட்டோடு, தோளில் மடித்த பொன்னாடை. அண்ணை நேரே அதிகாரியிடம் போய், தாங்கள் இந்த வேல்ஸ் பாடசாலையின் நுண்கலைப் பிரிவு என்று ஆங்கிலத்தில் அறிவித்தார்.

அதிகாரி என்னைப் பார்த்தார். மிருதங்கம் இல்லை என்று நான் சொல்லி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

நான் அண்ணையை ஒரு மூலைக்கு இழுத்தேன். “வரவேண்டாம் எண்டு சொன்னனானெல்லே?”

“ஒரு பாதுகாப்புக்குத்தான் தம்பி” என்றார். “கொண்டுவந்து வைப்பம். தேவைப்பட்டா பாவிப்பம்.” ரோல்ஸுக்கும் பிள்ளைகளுக்கும் அவருக்கு ஒரே கொள்கை.

அன்ரிதான் நடுவில் வந்தார். “இவர்கள் என் பக்கத்து வீட்டுக்காரரின் பள்ளிக்கூடப் பிள்ளைகள்” என்று அதிகாரிக்குச் சொன்னார். “எங்களுடைய மாணவர்கள் அல்ல. விருந்தாளிகள். வந்தது வந்தாயிற்று, இருக்கட்டும்.” சொல்லிவிட்டு எங்கள் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளுக்கு இடையிடையே இருத்தினார். சலங்கைக் காலோடு அவர்கள் அந்தக் குட்டிக் கதிரைகளில் இருந்தார்கள். பாடம் தொடங்கியது.

ஒன்று இரண்டு மூன்று. “ஈன், டை, ட்ரீ” என்று அன்ரி சொல்ல, வேல்ஸ் பிள்ளைகள் அலுப்போடு சொன்னார்கள். இரண்டாம் தரம் எங்கள் பிள்ளைகளும் சொன்னார்கள். மூன்றாம் தரத்தில் போட்டி வந்துவிட்டது. தங்கள் சொந்த எண்களைப் பட்டுப்பாவாடைக்காரர்கள் சரியாகச் சொல்வதை அந்த ஒன்பது பேராலும் பொறுக்க முடியவில்லை. முகத்தில் இருந்த சனிக்கிழமை போய்விட்டது. கை உயர்ந்தது, குரல் உயர்ந்தது. ஒரு சின்னப் பெண் எழும்பி, எங்கள் மிருதங்கக்காரியின் உச்சரிப்பைத் திருத்தினாள். அன்ரி அவளைத் தடுக்கவில்லை. தன் மொழியில் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்க அந்தப் பிள்ளைக்கு அதுவரை ஆள் கிடைத்ததில்லை என்று நினைக்கிறேன். முக்கால் மணித்தியாலத்தில் பத்து எண்கள், கிழமையின் ஏழு நாட்கள், ஒரு பாட்டு. மிருதங்கத்தை ஒருவரும் உறையிலிருந்து எடுக்கவில்லை.

அதிகாரி எழுதிக்கொண்டிருந்தார். பாடம் முடிந்து ரொட்டியும் ரோல்ஸும் கைமாறும்போது, கையெழுத்துத் தாள்களைப் பையிலிருந்து எடுத்தார். பெரும்பாலான பெயர்கள் வேல்ஸ் பெயர்கள் மாதிரி இல்லையே என்றார். ஒன்று தனக்குத் தெரியாத எழுத்தில் இருக்கிறது என்று அந்த அம்மாவின் கையெழுத்தைக் காட்டினார்.

“இவர்களுக்கு வேல்ஸ் மொழி தெரியுமா?” என்று கேட்டார்.

அண்ணை பக்கத்தில் நின்றார். அவர் ஒரு மேடைப் பேச்சைத் தொடங்கப் போகிறார் என்று பயந்தேன்.

“தெரியாது” என்றார் அண்ணை. “ஆனால் உங்களுடைய கடிதம் மாதிரியான கடிதம் அவர்களுக்குத் தெரியும்.”

அவ்வளவுதான் சொன்னார். அண்ணை ஆங்கிலத்திலோ தமிழிலோ ஒரு சின்ன வசனத்தோடு நிறுத்தியதை நான் கேட்டது அன்று ஒருநாள்தான். பகிடி பண்ணுவதற்காக அவரைப் பற்றி நான் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அந்த நிமிடத்தில் எனக்குத் தேவைப்படவில்லை. எங்கள் தலைவர் என்று பக்கத்தில் நின்றவருக்குச் சொல்லவேண்டும் போல இருந்தது. பக்கத்தில், வாசிப்பு அறை வாசலில், யாழ் மட்டும்தான் நின்றது.

அடுத்த நிமிடம் அவர் பழையபடி அண்ணையாகிப் பொன்னாடையை விரித்துக்கொண்டு அதிகாரியை நோக்கிப் போனார். அரச ஊழியர் பரிசு வாங்கக்கூடாது என்று அதிகாரி இரண்டடி பின்வாங்கினார். விரித்த பொன்னாடையை வெறுமனே மடிப்பது எங்கள் வழக்கத்தில் இல்லை. அண்ணை அப்படியே திரும்பி அன்ரிக்குப் போர்த்தினார். எல்லோரும் கைதட்டினோம். இது எதற்கு என்று அன்ரி என்னிடம் கேட்டார். கவிஞர், அறிஞர், ஆசிரியர்களை நாங்கள் இப்படித்தான் மதிப்போம் என்றேன். வேல்ஸ் விழாக்களில் சிறந்த கவிஞனுக்கு ஒரு நாற்காலி கொடுப்பார்களாம். யோசித்துப் பார்த்தால் வேடிக்கைதான். கொதிக்கிற ஊர்க்காரர் நாங்கள் சால்வை போர்த்துகிறோம், குளிரில் நடுங்குகிறவர்கள் கதிரை கொடுக்கிறார்கள். அன்ரி பொன்னாடையைக் கழற்றவில்லை. ரயிலிலும் அதோடுதான் வந்தார். ஸ்டொக்வெல் நிலையத்தில் ஒருவர் எழும்பி அவருக்கு இடம் கொடுத்தார்.

ஐந்து கிழமை கழித்துக் கடிதம் வந்தது. இரண்டு வரி. உதவி தொடரும். காரணம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அது பெரிய வசதியாகப் போய்விட்டது. கையெழுத்துத்தான் காரணம் என்று அண்ணை கோயிலில் சொல்லிக்கொண்டு திரிகிறார். பற்றிஸ் என்று தாய்மார் சொல்கிறார்கள். என் ஒப்புதல் வாக்குமூலம்தான் திருப்புமுனை என்பது என் கட்சி. இதை என் மனைவியிடம் சொன்னபோது, “ஓம், பிழையை நீங்களே செய்து நீங்களே ஒப்புக்கொண்டியள். வேறை ஆராலயும் ஏலாது” என்றாள். அன்ரி ஒரு கருத்தும் சொல்லவில்லை. கடிதத்தை மண்டபச் சுவரில் ஒட்டிவிட்டு அடுத்த சனிக்கிழமைப் பாடத்தைத் தயார் செய்தார்.

நான் காப்பாற்றிய வகுப்பு என்ற உரிமையில், அவர் வளர்ந்தவர்களுக்கு நடத்தும் ஆரம்பப் பாடத்தில் சேர்ந்தேன். ஒரு தவணை, மூன்று மாதம் முழுக்க, ஒருநாள் தவறாமல் போனேன். கொப்பியில் எழுதினேன், குளியலறையில் சொல்லிப் பார்த்தேன். பிள்ளைகள் மாடியிலிருந்து, “அப்பா, ஆர் யூ ஓகே?” என்று கேட்டார்கள்.

தவணை முடிந்த திங்கட்கிழமை காலை, குப்பைத்தொட்டியைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அன்ரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். ஆறு வருடப் பிழையைத் திருத்தும் நாள். நிமிர்ந்து நின்று, அவருடைய மொழியில், “போரே டா” என்றேன். முடிவில் வரும் அந்த ‘டா’வை எழுபது கடந்த ஒரு பெண்மணியிடம் சொல்ல நாக்குக் கூசத்தான் செய்தது. ஆனாலும் சொன்னேன். அதன்பின் இன்றைக்கு வானம் தெளிவாக இருக்கிறது, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள், நான் நன்றாக இருக்கிறேன் என்று மூன்று வசனம். தொண்டையில் வரும் அந்தச் சரளைக்கல் சத்தத்தையும் விடவில்லை.

அன்ரி தலையைச் சற்றுச் சாய்த்துக் கடைசி வரை கேட்டார்.

“உங்களுடைய போலிஷ் இதைவிட நன்றாக இருந்தது” என்றார்.